ஒரு ரூபாய் அனுப்பும் கணவர்

கேள்வி:

எனக்கு 34 வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் மும்பையில்தான். ஒன்பது ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு, ஏழு மாதங்களுக்கு முன்பு என் மகளை அழைத்துக்கொண்டு டோம்பிவிலியில் இருந்த கணவர் வீட்டை விட்டு, சயான் கோலிவாடாவில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் அடிப்பார். அடிக்கடி இல்லை, மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை. கடைசிச் சண்டையில் கழுத்தைப் பிடித்து அழுத்திவிட்டார். அதோடு கிளம்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் என்னைத் தொட்டதே இல்லை. ஆனால், காலையில் நான் ஜி.டி.பி. நகர் நிலையத்தில் ரயில் ஏறும்போது பிளாட்பாரத்தில் இண்டிகேட்டருக்குக் கீழே நிற்கிறார். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். பேசுவதில்லை. நான் பெண்கள் பெட்டியில் ஏறியதும் போய்விடுவார். ஒருநாள் கேட்டதற்கு, வேலைக்குப் போகிற வழி என்றார். அவருக்கு வேலை தாணேயில். அவருடைய எண்ணைத் தடுத்து வைத்தேன். உடனே பணம் அனுப்பும் செயலியில் ஒரு ரூபாய் அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு ரூபாயோடும் ஒரு குறிப்பு. "பச்சைப் புடவை எடுப்பாக இருந்தது." "நேற்று ஏன் தாமதம்?" "பிள்ளை இளைத்துவிட்டாள்." இதுவரை 43 ரூபாய் வந்திருக்கிறது.

போலீஸ் சௌக்கிக்குப் போனேன். என்.சி. எழுதிக் கொடுத்து, கணவன் மனைவி விவகாரத்தை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் சங்கத்து அண்ணாச்சியும் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பேசலாம் என்கிறார். அம்மாவோ, "மாப்பிள்ளைக்கு உன்மேல் உயிர். இல்லாவிட்டால் இப்படிக் காத்துக் கிடப்பாரா?" என்கிறார். அவர் தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, "அத்தை, மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்கிறார். என் தம்பிகூட அப்படிக் கேட்டதில்லை.

நான் வருவதும் போவதும் அவருக்கு எப்படித் தெரிகிறது? என் போனில் ஏதாவது வைத்திருக்கிறாரா? அடுத்த மாதம் எங்கள் திருமண நாள். "அன்று சயான் கோட்டைக்கு வா. கடைசியாக ஒரே ஒருமுறை தனியாகப் பேசி முடித்துக்கொள்வோம். அப்புறம் உன் பக்கமே வர மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். போய்ப் பேசி முடித்துவிடலாமா? கை நீட்டாத மனிதர்மேல் புகார் கொடுத்து நான்தான் விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள். சயான் கோட்டைக்கும் வேண்டாம், கூட்டம் நிறைந்த ஹோட்டலுக்கும் வேண்டாம், அண்ணாச்சி வீட்டுக்கும் வேண்டாம். காரணம் கீழே வரும். பாதியில் வாசிப்பை நிறுத்த நேர்ந்தால் இந்த ஒரு வரியாவது உங்களோடு இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இருந்த நிலையம், ஊர், நாள், ரூபாய்க் கணக்கு எல்லாவற்றையும் மாற்றித்தான் வெளியிட்டிருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லையே. மாற்றிய விவரங்களை வைத்தே பேசுகிறேன். உங்களுக்குப் புரியும்.

டோம்பிவிலியில் ஏறுகிறவர் தாணேயில் இறங்க வேண்டும். அதுதான் அவருடைய வழி. உங்கள் கணவர் தாணேயில் இறங்காமல் குர்லா வரை வருகிறார். அங்கே இறங்கி, பாலம் ஏறி, ஹார்பர் பிளாட்பாரத்துக்கு மாறி, சூனாபட்டியைத் தாண்டி ஜி.டி.பி. நகரில் இறங்குகிறார். நீங்கள் ஏறுவதைப் பார்க்கிறார். பிறகு வந்த வழியே தாணேக்குத் திரும்புகிறார். காலை நேரத்து மத்திய ரயில்வே கூட்டத்தில் ஒருமுறை பயணம் செய்தவருக்கே தெரியும், வாசலில் தொங்கும் அந்தப் பயணத்தை யாரும் பொழுதுபோக்காகச் செய்ய மாட்டார்கள். போக வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகச் செலவழித்து ஒருவர் இதைச் செய்கிறார் என்றால், அவர் இதை இன்னொரு வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "அவன் அவள் பின்னால் சுற்றினான்" என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு புன்னகை வருகிறது. கதாநாயகி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கதாநாயகன் பஸ் நிறுத்தத்திலும் கல்லூரி வாசலிலும் நின்று கடைசியில் தாலி கட்டுவதை மூன்று தலைமுறையாகத் திரையில் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம். உங்கள் அம்மாவும் அந்த அரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்தான். அதனால் பிளாட்பாரத்தில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தால் அவருக்கு ஏக்கம் தெரிகிறது. எனக்கு, அடிபட்ட பெண்களோடு பணிபுரியும் என் தொழிலின் காரணமாக, வேறு ஒன்று தெரிகிறது.

நீங்கள் அனுப்பிய குறிப்புகளை வரிசையாக வாசித்தேன். 43 குறிப்புகளில் ஒன்றில்கூட "எப்படி இருக்கிறாய்?" இல்லை. "நான் செய்தது தவறு" இல்லை. எல்லாமே "பார்த்தேன்" என்று சொல்கிறவை: புடவையைப் பார்த்தேன், தாமதத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். டோம்பிவிலி வீட்டில் இருந்தபோது இதே கேள்விகளை வீட்டுக்குள் வைத்துக் கேட்டிருப்பாரே? ஏன் தாமதம், யாரிடம் பேசினாய், இந்தச் சேலை எதற்கு? அங்கே பதில் பிடிக்காவிட்டால் அடி விழுந்தது. இங்கே அவருக்குக் கை எட்டவில்லை, அதனால் கண்ணை அனுப்புகிறார். அடித்ததும் பின்தொடர்வதும் இரண்டு தனித்தனி விஷயங்கள் அல்ல. உங்கள் நடமாட்டம் தன் கைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றும் அவருடைய நோக்கம். இன்றும் அதுவேதான். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்ததால் கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே "ஏழு மாதமாக அடிக்கவில்லை" என்ற அளவுகோலைத் தூக்கி எறியுங்கள். ஏழு மாதமாக அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இப்போது, நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன இடத்துக்கு வருகிறேன். கழுத்தைப் பிடித்து அழுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வரியில் அடியைப் பற்றி எழுதிய அதே தொனியில். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள், அப்படி நினைக்கவும் செய்யாதீர்கள். கன்னத்தில் விழும் அறையும் கழுத்தில் விழும் பிடியும் ஒரே வரிசையில் வைக்கக்கூடியவை அல்ல. கணவனோ காதலனோ முன்பே ஒருமுறை கழுத்தை நெரித்த பெண்கள், பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்குமேல் என்று 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒரு பெண்ணிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது. பல பெண்கள் கேட்டால் தவிரச் சொல்வதில்லை. கழுத்தில் தழும்பும் பெரும்பாலும் இருக்காது. அன்று குரல் கம்மியதா, விழுங்கும்போது வலித்ததா, கண் இருட்டியதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா? நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொண்டை வலி என்று எந்த டாக்டரிடமாவது போயிருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள்.

பின்தொடர்தலைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 10 நகரங்களில், கணவன் அல்லது காதலன் கையால் கொல்லப்பட்ட 141 பெண்களின் கதைகளை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் 76 சதவீதம் பேரை, கொல்வதற்கு முந்தைய 12 மாதங்களில் அதே ஆள் பின்தொடர்ந்திருக்கிறான். பின்தொடரும் ஒவ்வொரு கணவனும் கொலைகாரன் ஆகிவிடுவான் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்களைப் பயமுறுத்தவும் இதைச் சொல்லவில்லை. ஆனால் அடி, கழுத்தில் கை, பிரிவு, பின்தொடர்தல் ஆகிய நான்கும் ஒரே வீட்டில் வரிசையாக வரும்போது, அதை ஏக்கம் என்று நம்பிச் சும்மா இருக்க யாருக்கும் உரிமை இல்லை. சௌக்கியில் இருந்தவருக்கும் இல்லை.

"கடைசியாக ஒரே ஒருமுறை" என்ற அழைப்பு ஏன் என்னை இத்தனை உலுக்கியது என்று இப்போது புரியும். பெண் வீட்டை விட்டு வெளியேறும் நாளும் அதற்குப் பிந்தைய மாதங்களும்தான் ஆபத்து மிகுந்தவை. தன் பிடி நழுவுகிறது என்று அவருக்குத் தெரிகிற காலம் அது. அவர் குறித்திருப்பது திருமண நாள். இடம் அவருடைய தேர்வு. தனியாக வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பேசி முடிக்க வேண்டியது உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அதை வக்கீல் மூலம் பேசலாம், நீதிமன்றத்தில் பேசலாம். நேரில் வர மாட்டேன் என்று பதில் அனுப்பவும் வேண்டாம். 43 ரூபாய் செலவழித்தால் ஒரு பதில் கிடைக்கும் என்று அவர் கற்றுக்கொள்வார். பிறகு 43 ரூபாய்க்குக் குறைந்து நிறுத்த மாட்டார்.

சட்டத்துக்கு வருவோம். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா தலைமையில் குழு அமைந்ததும், 2013இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டதும் நினைவிருக்கும். பின்தொடர்தல் நம் நாட்டில் தனிக் குற்றமாக எழுதப்பட்டது அப்போதுதான். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 354டி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78வது பிரிவு. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைப் பின்தொடர்ந்து, மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். அவள் இணையத்தையோ மின்னஞ்சலையோ வேறு மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் குற்றம். அந்தப் பிரிவு "எந்த ஆணும்" என்றுதான் தொடங்குகிறது. "கணவன் நீங்கலாக" என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. கணவன் மனைவி விவகாரம் என்று சௌக்கியில் சொன்னது அவர்கள் வழக்கம், சட்டம் அல்ல.

என்.சி. பற்றி: நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத சிறு குற்றங்களுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 78வது பிரிவு அந்த ரகம் அல்ல, எப்.ஐ.ஆர். பதிய வேண்டிய குற்றம். அதற்காக அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். நீங்கள் இன்ன தேதியில் போலீஸிடம் போனீர்கள் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த அத்தாட்சி அது. நிலையம் எந்த எல்லையில் வருகிறது, ரயில்வே போலீஸா, நகரப் போலீஸா என்று உங்களை அலைய விட்டால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் புகாரை எழுதிக் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். முதல்முறைக் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் என்று எழுதியிருந்தாலும் அது ஜாமீன் தரக்கூடிய குற்றம். காலையில் பிடித்தால் அவர் சாயங்காலமே வெளியே வரலாம். இரண்டாம் முறை செய்தால்தான் ஜாமீன் எளிதல்ல. தண்டனையும் ஐந்து ஆண்டு வரை போகும். ஆகவே இந்தப் பிரிவை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கூடவே, முடிந்தால் அதற்கு முன்பே, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்குங்கள்.

இந்தச் சட்டத்தைப் பலர் வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்கு மட்டுமானது என்று நினைக்கிறார்கள். எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதும், அது பொருந்தும். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் சயான் பகுதிக்கு உரிய நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். டோம்பிவிலிப் பக்கம் அலைய வேண்டாம். உங்களோடு நேரிலோ எழுத்திலோ போனிலோ மின்னணு வழியிலோ எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கும் நீங்கள் வழக்கமாகப் போய்வரும் இடத்துக்கும் வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அந்த இண்டிகேட்டரின் கீழ் நிற்பதும் ஒரு ரூபாய்க் குறிப்பும் இதற்குள் அடங்கும். மனுவில் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் விசாரணை மூன்று நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்றப் படியேறியவர்களுக்கு அதன் வேகம் தெரியும், அதனால் மூன்று நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் ஆபத்தை விளக்கினால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு தர முடியும். கழுத்தை அழுத்திய சம்பவம் மனுவின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த மீறல் ஜாமீன் தர முடியாத குற்றம். பிளாட்பாரத்தில் அவர் நிற்கும் நாளில் நீங்கள் போலீஸிடம் காட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மும்பைக்கென்று ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. டாடா சமூக அறிவியல் கழகம் 1984இல் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் போலீஸ்காரர்கள் அல்ல, சமூகப் பணியாளர்கள். சௌக்கியில் நீங்கள் தனியாகப் போய் நிற்பதற்கும் அவர்களில் ஒருவர் கூட வந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாந்திராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில் 2000இல் தொடங்கிய 'திலாசா' மையமும் அப்படித்தான். பழைய காயம், தூக்கமின்மை, நடுக்கம் எதுவானாலும் அங்கே கேட்டுப் பதிவு செய்வார்கள்.

இனி அந்த 43 ரூபாய். அவமானமாக இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். அனுப்பாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். அவர் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்த காரியம் இது. எண்ணைத் தடுத்துவிட்டால் செய்தி வராது, பணம் வரும் என்று கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் போன் செய்தியை நான் அனுப்பவே இல்லை என்று ஒருவர் வாதாடலாம். வங்கிக் கணக்கிலிருந்து போன ரூபாயை அப்படி மறுப்பது கடினம். தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், பரிவர்த்தனை எண் எல்லாம் உங்கள் வங்கி அறிக்கையில் இருக்கும். தனக்கு எதிரான சாட்சியத்துக்குத் தானே முத்திரைக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாத அறிக்கையை வங்கி முத்திரையோடு வாங்குங்கள். குறிப்புகள் தெரியும் பக்கத்தைப் படம் பிடித்து, உங்களுக்கு நம்பிக்கையான இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

நிலையத்தில் நிற்பதற்கு என்ன அத்தாட்சி? சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த ஒரு பெண், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் தேதி, ராகு காலம், நல்ல நேரம். பின்பக்கம் பென்சிலில், "காலை 8.05. பால்காரர் கடை. நீலச் சட்டை. பேசவில்லை." அவ்வளவுதான். அழுகை இல்லை, வசை இல்லை. 61 தாள்கள் இருந்தன. அவருடைய வக்கீல் அவற்றை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டிக்காட்டினார். இருபதாவது தாளுக்குமேல் யாரும் அதை ஏக்கம் என்று சொல்லவில்லை. நீங்களும் அப்படி எழுதுங்கள். நிலையத்தின் கேமராப் பதிவுகளை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், புகாரிலேயே நாளும் நேரமும் குறிப்பிட்டு அவற்றைப் பாதுகாக்கக் கோருங்கள்.

உங்கள் சங்கத்து அண்ணாச்சி நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பேசுவதற்கு இரண்டு பக்கமும் சம பலத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் கை வைத்தவரும் அந்தக் கழுத்துக்கு உரியவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச முடியாது. உதவ விரும்பினால் அண்ணாச்சிக்கு வேறு வேலை இருக்கிறது. நாலு நாள் காலையில் பிளாட்பாரத்துக்கு வந்து, மாப்பிள்ளை நிற்பதைத் தன் கண்ணால் பார்க்கட்டும். நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்டால் பார்த்ததைச் சொல்லட்டும்.

மகள் விஷயத்தில் தாமதிக்க வேண்டாம். ஏழு வயதுப் பெண்ணைப் பள்ளி வாசலில் தகப்பன் வந்து கூப்பிட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாத நிலையில் பள்ளிக்காரர்கள் தடுக்கத் தயங்குவார்கள். குடும்ப வன்முறை மனுவிலேயே பிள்ளையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடும்படி கேட்கலாம். அவர் வந்து பார்ப்பது பிள்ளைக்குத் தீங்கு என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் அதை மறுக்கவும் முடியும். அதுவரை, உங்களைத் தவிர யாரோடும் பிள்ளையை அனுப்ப வேண்டாம், யார் கேட்டாலும் உங்களுக்குப் போன் செய்யுங்கள் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேரும் வாரம் கவனமாக இருக்க வேண்டிய வாரம். வழக்குப் போட்டால் வெறி ஏறும் என்று அம்மா சொன்னால் அது முழுப் பொய்யல்ல. அதற்காக வழக்கை விட முடியாது, அந்த வாரத்தைத்தான் திட்டமிட வேண்டும். முடிந்தால் விடுப்பு எடுங்கள். முடியாவிட்டால் வேறு ரயில், வேறு நிலையம், கூட ஒரு ஆள். ரயிலிலோ நிலையத்திலோ தொல்லை என்றால் 139, மற்ற இடங்களில் அவசரம் என்றால் 112, ஆலோசனைக்கு 181. ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது விவரம் சொல்லி வையுங்கள். சால் எனும் வரிசை வீடுகளில் சுவர்கள் மெல்லியவை, ஒரு குரல் போதும்.

போனில் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டீர்கள். இருக்கலாம். அந்தப் போனை வாங்கித் தந்தவரே அவர்தானே. வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடச் செயலியில் இருப்பிடப் பகிர்வு யாருக்காவது திறந்திருக்கிறதா, மகள் விளையாடும் டேப்லெட்டில் யாருடைய மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது, பள்ளிப் பையின் அடியில் நாணயம் அளவில் ஏதாவது டிராக்கர் கிடக்கிறதா என்றும் பாருங்கள். எதையாவது கண்டால் உடனே நீக்காதீர்கள். நீக்கிய நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும், சாட்சியமும் போய்விடும். முதலில் படம் பிடியுங்கள், போலீஸிடம் காட்டுங்கள். இந்த விஷயத்தைப் பற்றித் தேடுவதற்கும் பேசுவதற்கும் வேறு ஒருவரின் போனைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருக்கிறது. உங்கள் கணவர் காலையில் மட்டும்தான் நிற்கிறார். பச்சைப் புடவையைக் காலையில் பார்த்திருப்பார், சரி. சாயங்காலம் நீங்கள் தாமதமாக வந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? "அத்தை, மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்கவும் பதில் சொல்லவும் ஒரு நிமிடம் ஆகுமா? அந்த அழைப்பு எத்தனை நிமிடம் நீள்கிறது என்று அம்மாவின் போனில் பாருங்கள். மிச்ச நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள்? "அவள் இன்னும் வரவில்லை மாப்பிள்ளை, மாதக் கடைசியாம், கணக்கு முடிக்க வேண்டுமாம்." "பிள்ளை சரியாகச் சாப்பிடுவதே இல்லை, இளைத்துப் போயிருக்கிறாள்." அவருக்கு எந்தச் செயலியும் தேவைப்பட்டிருக்காது.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாழாவெட்டி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பயந்த தலைமுறை அது. மகளுக்கு அந்தப் பெயர் வந்துவிடக் கூடாதே என்று, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்தை எத்தனை முறை வாசித்தாலும், கழுத்தில் நடந்ததை அம்மாவிடம் சொன்னதாக ஒரு வரி இல்லை. "சண்டை" என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள் போல. இன்று ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால், அம்மாவின் கையை எடுத்து, அன்று உங்கள் கணவருடைய கை எங்கே இருந்ததோ அங்கே வைத்துக் காட்டுங்கள். நாளைச் சாயங்காலம் போன் அடிக்கும்போது எடுப்பதா, எடுத்தால் என்ன பேசுவது என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும்.